போர்முனையும் கையொப்பமும்: ஜான் திவியின் வாழ்க்கை எழுதப்படும் முறை குறித்து

மலேசியத் தமிழரிடையே எழுந்துள்ள வாழ்க்கை வரலாற்று எழுத்துகளுள் பெரும்பகுதி நினைவு மலர்க் கட்டுரைகளாகவும் விழா மேடைப் பேச்சுகளின் அச்சு வடிவங்களாகவும் அமைந்தவை. இவ்வகை எழுத்துக்கென ஒரு வார்ப்பு உண்டு. அதனுள் ஊற்றப்படும் எவரும் இளமையிலேயே இலட்சியம் கொண்டவராகவும், வசதியான தொழிலைத் துறந்தவராகவும், இறுதியில் வாளேந்தியவராகவும் வெளிவருவர். இந்திய தேசிய இராணுவத்தோடு தொடர்புடையவர்களின் வரலாறு எழுதப்படுகையில் இவ்வார்ப்பு இன்னும் இறுக்கமாகிவிடுகிறது. ஈப்போவில் படித்து, வழக்கறிஞராகி, பர்மா போர்முனை வரை சென்ற ஜான் திவியின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். அவரை ‘இளம் வழக்கறிஞராக இருந்து தளபதியானவர்’ என்ற சட்டகத்துள் வைத்துப் பார்க்கும்போது எவை மறைந்துபோகின்றன என்பதே இக்கட்டுரையில் எடுத்துக்கொண்ட பொருள்.

திவி 1904ஆம் ஆண்டு பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் பிறந்தவர். 1877ஆம் ஆண்டிலேயே ரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட ஊர் அது. பிற்காலத்தில் நூறாயிரக்கணக்கான தமிழரை இந்நாட்டுக்கு இழுத்த மரத்தின் மலாயா வரலாறு அவ்வூரில்தான் வேர்விட்டது எனலாம். ஈப்போ செயின்ட் மைக்கல் பள்ளியில் பயின்ற திவி, இலண்டன் சென்று 1932இல் சட்டப் பட்டம் பெற்றார். அங்கிருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்ததும், மலாயா திரும்பிய பின் விஜயலட்சுமி பண்டிட்டின் உரையைக் கேட்டதும் அவரை இந்திய விடுதலை அரசியலின்பால் ஈர்த்தன என்பர். ஜப்பானியர் காலத்தில் நேதாஜியின் இயக்கத்தில் சேர்ந்தார். பர்மா போர்முனையில் பணியாற்றினார். போர் முடிந்ததும் சிங்கப்பூர் சாங்கிச் சிறையில் வைக்கப்பட்டு 1946இல் விடுதலையானார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் மலாயா இந்தியர் காங்கிரசு தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். 1947இல் இந்திய அரசின் மலாயாப் பிரதிநிதியாகிக் கட்சித் தலைமையை விட்டு நீங்கினார். பின்னர் இந்திய வெளியுறவுப் பணியிலேயே தொடர்ந்து 1959இல் மறைந்தார்.

இக்குறிப்பில் எல்லாராலும் எடுத்தாளப்படும் தொடர் ‘பர்மா போர்முனையில் பணியாற்றினார்’ என்பதே. ‘பணியாற்றினார்’ என்பது மேடைக்கு வரும்போது ‘போரிட்டார்’ என்றாகிறது. ‘போரிட்டார்’ என்பது அடுத்த மேடையில் ‘படை நடத்தினார்’ என்றாகிறது. சொற்பொருள் வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் வரலாற்று எழுத்தில் இவ்வேறுபாட்டின் மீதுதான் அனைத்தும் நிற்கின்றன.

இங்கு மூல ஆவணம் ஒன்றை நோக்குவது தகும். 1943 அக்டோபர் 21ஆம் நாள் சிங்கப்பூர்க் கத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசின் பிரகடனத்தை நேதாஜி வெளியிட்டார். அதன் அடியில் வரும் பெயர்கள் ஓர் ஒழுங்கில் அமைந்தவை. நேதாஜியை அடுத்து மகளிர் துறைக்குக் கேப்டன் இலட்சுமி, விளம்பரத் துறைக்கு எஸ். ஏ. ஐயர், நிதிக்குச் சாட்டர்ஜி எனத் துறைப் பொறுப்பாளர்கள் வருகின்றனர். பின்னர் போன்ஸ்லே, கியானி, லோகநாதன், ஷா நவாஸ் முதலிய படைத் தலைவர்கள் தத்தம் பதவிப் பெயர்களோடு நிற்கின்றனர். அவர்களுக்குப் பின், ராஷ் பிஹாரி போஸ் தலைமை ஆலோசகராகவும், கரீம் கனி, தேவநாத தாஸ், டி. எம். கான், ஏ. யெல்லப்பா, ஜே. திவி, ஈஷர் சிங் ஆகியோர் ஆலோசகர்களாகவும், ஏ. என். சர்க்கார் சட்ட ஆலோசகராகவும் இடம்பெறுகின்றனர். திவியின் பெயர் படைத் தலைவர் வரிசையில் இல்லை. சட்டம் பயின்றவராயினும் சட்ட ஆலோசகர் என்ற இடமும் அவருக்குரியதன்று. பொது ஆலோசகர்களுள் ஒருவராகவே அவர் அங்கு நிற்கிறார்.

இதை அவருக்குக் குறைவு என்று கொள்வது பிழை. அந்த அரசு படையை மட்டும் கொண்டதன்று. 1944 சனவரியில் அதன் தலைமையிடம் இரங்கூனுக்கு மாறியது. ஏப்ரலில் அங்கேயே ஆசாத் ஹிந்த் வங்கி திறக்கப்பட்டது. எல்லை தாண்டிய பின் விடுவிக்கப்படும் நிலப்பகுதிகளை ஆள்வதற்கென ஆசாத் ஹிந்த் தள் என்னும் குடிமை நிருவாகப் பிரிவினர் பயிற்றுவிக்கப்பட்டனர். மணிப்பூரின் மொய்ராங்கில் 1944 ஏப்ரல் 14 அன்று கொடி ஏற்றப்பட்ட அந்தக் குறுகிய காலத்தில், ஆட்சி என்பது வெறுங்கனவாக இல்லாமல் கோப்பும் முத்திரையும் கொண்ட ஒன்றாக இருந்தது. இத்தகைய அரசுக்கு வழக்கறிஞர்கள் தேவைப்பட்டனர். யெல்லப்பாவும் வழக்கறிஞரே, அவர் பர்மாவிலிருந்து திரும்பவில்லை. துப்பாக்கி ஏந்தாமலும் போர்முனையில் இறக்கலாம் என்பதற்கு அவர் சான்று.

‘இளம்’ என்ற அடைமொழியும் ஆராயத்தக்கது. பிரகடனம் வெளிவந்தபோது திவிக்கு வயது 39. வழக்கறிஞர் பட்டம் பெற்றுப் பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வயதில், நிலைபெற்ற தொழிலை உடையவர், தோல்வியில் முடியக்கூடிய ஓர் அரசின் பத்திரத்தில் தம் பெயரை எழுதுவது இளமை வேகத்தின் செயலன்று. அது கணக்கிட்டு ஏற்ற இடர். நினைவு மலர்கள் அவரை இளைஞராக்கும்போது அவருடைய துணிவின் தன்மையையே மாற்றிவிடுகின்றன.

உண்மையில் இளைஞர் வேறிடத்தில் இருந்தனர். இளந்தளபதி ஒருவரையே நம் வரலாறு தேடுமாயின், கோலாலம்பூரின் ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், இருக்கிறார். 1925இல் பிறந்த அவர் ஜான்சி ராணிப் படையில் சேரும்போது வயது 18. அப்படையின் துணைத் தலைமை வரை உயர்ந்தார். 1945 ஏப்ரல் இறுதியில் நேதாஜி இரங்கூனை விட்டு வெளியேறியபோது, வான்வழித் தாக்குதலுக்கு அஞ்சி இரவில் நடந்தும் பகலில் பதுங்கியும் பாங்காக்கை நோக்கிச் சென்ற பெண்படையினரை வழிநடத்தினார். அதே படையில் இராசம்மா, தம் தமக்கை பொன்னம்மாவோடு பர்மா சென்றபோது வயது 16. அவர் பின்னர் ஆசிரியையாகிப் பெண்ணாசிரியர்களுக்குச் சம ஊதியம் வேண்டிப் போராடியதை இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர்கள் அறிவர். தளபதி என்ற சொல்லுக்கு உரியவர் வேறொருவர் இருக்க, அச்சொல்லை வழக்கறிஞர் மேல் ஏற்றுவதற்கு ஆண், ஆங்கிலக் கல்வி, கட்சித் தலைமை ஆகிய மூன்றுமே காரணமாகலாம் என்று கருத இடமுண்டு.

திவியின் வாழ்க்கையை நம் மரபின் சொற்களால் படித்தால் வேறொரு தெளிவு கிட்டுகிறது. தலைவன் பிரியும் காரணங்களைப் பேசும் இடத்தில் தொல்காப்பியம் கல்வி, பகை, தூது என்னும் மூன்றைத் தொகுத்துரைக்கும். இலண்டனுக்குச் சென்றது முதற்பிரிவு. பர்மாவுக்குச் சென்றது இரண்டாவது. இந்திய அரசின் தூதராக நாடு நாடாகச் சென்றது மூன்றாவது. வரிசை கூட மாறவில்லை. ஆனால் அகத்திணையியல் இத்தோடு நிற்பதில்லை. கல்வியும் தூதும் உயர்ந்தோர்க்கு உரியவை என்று அது வரையறை செய்கிறது. அவ்வரையறையை மலாயாத் தோட்டப்புறத்தில் வைத்துப் பார்க்கையில் அதன் கூர்மை புலப்படும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கப் பணித்தது. அப்பள்ளிகளில் பல, சில ஆண்டுத் தொடக்கக் கல்வியோடு பிள்ளைகளைப் பால்மரத்துக்கு அனுப்பிவைத்தன. லயத்தில் பிறந்த இளைஞனுக்கு ஓதற்பிரிவு இல்லை, தூதிற்பிரிவும் இல்லை. பொருள்வயிற் பிரிந்து வந்தவர்களின் பிள்ளையான அவனுக்கு எஞ்சியது பகைவயிற் பிரிவு ஒன்றே. அதைத்தான் அவன் 1943இல் எடுத்துக்கொண்டான். ஆகவே வழக்கறிஞரும் தொழிலாளியும் சந்தித்த ஒரே திணைக்களம் அப்போர்முனை. அதற்கு முன்னும் பின்னும் இருவர் பாதையும் வேறு.

படையில் சேர்ந்த தோட்டத்து இளைஞர் அனைவரும் நாட்டுப்பற்றினால் மட்டுமே சேர்ந்தனர் என்பது இன்னொரு மேடை வழக்கு. அக்காலத்தில் தோட்டத்தில் இருப்பது என்பது மரவள்ளிக் கிழங்கோடு பசியில் இருப்பது. அல்லது சயாம்–பர்மா இரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்படுவது. படைமுகாமில் சோறு இருந்தது, சீருடை இருந்தது, கங்காணியின் அதட்டல் இல்லை. முதன்முறையாகத் தம்மைப் பெயர் சொல்லி அழைத்த ஒரு நிறுவனத்தில் அவர்கள் நின்றனர். இக்காரணங்களைச் சொல்வதால் அவர்களுடைய பற்று சிறுமைப்படாது. பசித்தவன் கொண்ட பற்றும் பற்றுதான்.

புனைகதைகள் இவ்விடத்தில் வரலாற்றுக் குறிப்புகளைவிட நேர்மையாக நடந்துகொண்டிருக்கின்றன. ஆயினும் அவற்றிலும் ஓர் இடைவெளி உண்டு. ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ (1959), ‘புயலிலே ஒரு தோணி’ (1972) ஆகிய இரண்டிலும் இந்திய தேசிய இராணுவம் இடம்பெறுகிறது. செல்லையாவும் பாண்டியனும் தொழிலாளர் அல்லர், வழக்கறிஞரும் அல்லர். வட்டிக்கடைப் பையன்களாகக் கடல் கடந்தவர்கள். செல்லையா படையிலிருந்து திரும்பியபோது முதலாளி வானாயினா தம் மகள் மரகதத்தை அவனுக்குத் தர மறுக்கிறார். பட்டாளத்துக்குப் போய்வந்தவன் கடைத் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் ஆகான் என்பது அவர் கணிப்பு. போர்முனையிலிருந்து திரும்பியவனுக்கு வீரப்பட்டம் காத்திருக்கவில்லை. பேரேடும் அதன் கூட்டல் கழித்தலும் காத்திருந்தன. சிங்காரத்தின் தனித்தன்மை இங்குதான். தமிழ்ப் பழம்பெருமையை எள்ளி நகையாடும் அவர், வீரனை வழிபடுவதற்குப் பதில் வீரம் சந்தையில் என்ன விலை போகும் என்று கேட்கிறார்.

மலேசிய நாவலாசிரியர்கள் வேறு வழியில் சென்றனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ (2005) ஆகியன இரயில் பாதையில் மடிந்த தோட்டத் தமிழரை மையத்தில் நிறுத்தின. ரெங்கசாமியின் ‘இமயத் தியாகம்’ (2006) நேதாஜியின் படையையே பொருளாகக் கொண்டது. வரலாற்று நூல்கள் பெயர் குறிக்காமல் விட்ட மக்களுக்குப் பெயர் தந்தது இந்நாவல்களின் பெரும்பணி. ஆனால் சிங்காரத்திலும் சரி, இவர்களிடத்திலும் சரி, திவியைப் போன்ற ஒருவர் மையப் பாத்திரமாவதில்லை. வழக்கறிஞர் மேடையில் பேசுவார். சங்கத்தின் நாற்காலியில் அமர்ந்திருப்பார். கதை அவரைத் தாண்டி முகாமுக்குள் சென்றுவிடும். நினைவு மலர் வழக்கறிஞரைத் தளபதியாக்குகிறது. நாவல் அவரைப் பின்னணி ஆக்குகிறது. அவர் செய்த வேலை எது என்று இரண்டுமே கேட்கவில்லை.

அவ்வேலையின் பயன் 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் தெரியவந்தது. ஷா நவாஸ், செகால், தில்லான் ஆகிய மூவர் மீது பேரரசருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக வழக்கு நடந்தது. எதிர்வாதம் செய்தவர் புலாபாய் தேசாய். நேருவும் நெடுங்காலத்துக்குப் பின் வழக்கறிஞர் அங்கியை அணிந்து வந்தார். தேசாயின் வாதம் வீரத்தைப் பற்றியதன்று. முறையாக அமைந்து, பிற நாடுகளால் ஏற்கப்பட்டு, போர்ப் பிரகடனமும் செய்த ஓர் அரசு இருந்தது. அதன் படையினர் செய்தவை போர்ச்செயல்கள். அவற்றைத் தனிமனிதக் குற்றங்களாகக் கொள்ளலாகாது என்பதே அவ்வாதத்தின் சாரம். கத்தே அரங்கில் படிக்கப்பட்ட அந்தத் தாளும் அதன் அடியில் இருந்த பெயர்களும் இல்லாவிடில் இவ்வாதத்துக்கு அடித்தளமே இல்லை. நீதிமன்றம் வாதத்தை ஏற்று விடுவித்ததா என்றால் இல்லை. மூவருக்கும் நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. மக்கள் எழுச்சியின் அழுத்தத்தால் 1946 சனவரியில் தலைமைத் தளபதி ஆச்சின்லெக் அத்தண்டனையை நீக்கினார். எனினும், இம்பாலில் தோற்ற படையைக் ‘கலகக்காரர்’ என்ற பெயரிலிருந்து மீட்டு ‘ஓர் அரசின் படை’ என்று இந்திய மக்கள் மனத்தில் நிலைநிறுத்தியது அவ்வாதமே. திவி இட்ட கையொப்பத்தின் எடை இங்குதான் அளக்கப்பட வேண்டும்.

அந்த எடைக்கு எல்லையும் இருந்தது. அதைக் காட்டுவது 1949. இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்றுநராக இருந்தவர் என்று கூறப்படும் எஸ். ஏ. கணபதி, போருக்குப் பின் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948 சூனில் சுங்கை சிப்புட் பகுதித் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டதையடுத்து அவசர காலம் அறிவிக்கப்பட்டது. 1949இல் கணபதி கைது செய்யப்பட்டார். குற்றம்: ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தது. மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் உயிரைக் காக்க இந்திய அரசு முயன்றது. அவ்வரசின் மலாயாப் பிரதிநிதியாக அப்போது கோலாலம்பூரில் இருந்தவர் ஜான் திவி. ஒரே இயக்கத்திலிருந்து வந்த இருவர், சில ஆண்டுகளுக்குள், ஒருவர் தூதரக மேசையிலும் மற்றவர் தூக்குமேடையிலும் நின்றனர். 1943இல் துப்பாக்கி ஏந்தியவன் பின்னால் பிரகடனம் செய்யப்பட்ட ஓர் அரசு இருந்தது. 1949இல் துப்பாக்கி வைத்திருந்தவன் பின்னால் அத்தகைய தாள் எதுவும் இல்லை. திவி நன்கு கற்ற சட்டத்துக்கு அங்கு வேலை இருக்கவில்லை. அவசரகாலச் சட்டம் வாதத்துக்கு இடம் விடாத சட்டம். திவியின் வாழ்க்கையை எழுதுவோர் பலர் இந்த ஆண்டை ‘பிரதிநிதியாகப் பணியாற்றினார்’ என்று ஒரே வரியில் கடந்துவிடுவது வியப்பளிக்கிறது. அவ்வாழ்க்கையின் மிகக் கடினமான பகுதி இம்பால் அன்று, இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

தோட்டத் தமிழருக்கும் கட்சித் தலைமைக்கும் இடையிலான தொலைவு இதற்கு முன்பே தொடங்கியது. 1946 மார்ச்சில் நேரு மலாயா வந்து சென்ற சூட்டில் உருவான காங்கிரசு, ஆங்கிலம் பேசுவோர் கூடிய அமைப்பாக இருந்தது. இராஜேஸ்வரி அம்பலவாணர் 1981இல் வெளியிட்ட ஆய்வு, 1945 முதல் 1957 வரையிலான இந்தியர் அரசியலை விரிவாக நோக்கி, அத்தொடக்கத் தலைமை உழைக்கும் தமிழரிடமிருந்து விலகியிருந்ததை விளக்குகிறது. திவி, புத்த சிங், இராமநாதன், தேவாசர் ஆகியோருக்குப் பின் 1955இல் வீ. தி. சம்பந்தன் தலைமையேற்றபோதுதான் கட்சி தோட்டத்து மொழியில் பேசத் தொடங்கியது. சம்பந்தனும் பேராக்காரர்; சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்டம் உடைய குடும்பத்தில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வெளியேற்றப்பட்ட காலத்தில், 1960இல், அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கிருந்து பர்மாவுக்குப் போனவர்களை நினைவுகூரும் இடங்களும் அவற்றோடு போயின.

சுங்கை சிப்புட்டில் சம்பந்தன் முயற்சியால் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலை 1954இல் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் விஜயலட்சுமி பண்டிட். திவியை அரசியலுக்கு ஈர்த்ததாகச் சொல்லப்படும் அதே பேச்சாளர், இம்முறை பேச வந்தது ஒரு தமிழ்ப்பள்ளியின் முற்றத்தில். அவர்முன் இருந்த பிள்ளைகளுள் பலர் சுற்றுப்புறத் தோட்டத்து லயங்களிலிருந்து வந்தவர்கள். ஓதற்பிரிவு அவர்களுக்கு அங்கிருந்து தொடங்கியது. திவி அப்போது இந்தியத் தூதராக வெளிநாட்டில் இருந்தார்.